ஒளி இடுக்கியால் உயிருள்ள செல்லை ஆராய்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுண்ணோக்கியின் லென்ஸ் வழியே லேசர் கற்றையை மிக நுண்ணிய புள்ளியாகக் குவித்து, அந்தப் புள்ளியில் ஒரு பாக்டீரியாவையோ, ஒரு சிவப்பணுவையோ, செல்லோடு ஒட்டிய ஒரு நுண்ணிய கோள மணியையோ பிடித்து நிறுத்தும் கருவியை ஒளி இடுக்கி என்கிறோம். உயிர் இயற்பியல் படிக்க வருபவர்கள் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே உள்ளன.

ஒளியால் ஒரு பொருளைப் பிடித்து வைக்க முடியுமா?

முடியும். ஒளிக்கு நிறை இல்லை என்றாலும் உந்தம் உண்டு. வால்மீனின் வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்புறமாக நீள்வதைக் கவனித்த கெப்ளர், சூரிய ஒளிதான் அதைத் தள்ளுகிறது என்று 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கருதினார். மின்காந்தக் கொள்கையிலிருந்து அந்த அழுத்தத்தின் அளவை மேக்ஸ்வெல் கணித்தார். ரஷ்ய இயற்பியலாளர் லெபெதெவ் 1901இல் அதைச் சோதனையில் அளந்து காட்டினார். 1 மில்லிவாட் திறனுள்ள ஒளி முழுவதையும் ஒரு பரப்பு உட்கவர்ந்தால் அதன்மீது விழும் விசை ஏறத்தாழ 3.3 பிகோநியூட்டன் மட்டுமே (ஒரு பிகோநியூட்டன் என்பது ஒரு நியூட்டனின் லட்சம் கோடியில் ஒரு பங்கு). நம் கைக்கு அது ஒன்றுமில்லை. செல்லின் உலகில் அது கணிசமான விசை.

தள்ளும் ஒளி எப்படிப் பிடித்து வைக்கிறது என்பதில்தான் பலருக்கும் குழப்பம் வருகிறது. ஒளி ஊடுருவும் ஒரு சிறு கோளம் தன் வழியே செல்லும் கதிர்களை விலகலடையச் செய்கிறது. கதிரின் திசை மாறினால் அதன் உந்தமும் மாறுகிறது. அதற்கு ஈடான எதிர்விசை கோளத்தின்மீது விழுகிறது. கற்றையின் நடுவில் ஒளி செறிவாகவும் ஓரத்தில் மெலிந்தும் இருப்பதால், சற்று விலகி நிற்கும் கோளத்தின்மீது விழும் விசைகளின் கூட்டுப்பயன் அதை நடுப்பகுதியை நோக்கி இழுக்கிறது. இதைச் சரிவு விசை என்பர். ஒளி செல்லும் திசையிலேயே கோளத்தைத் தள்ளிக்கொண்டு போக முயலும் மற்றொன்று சிதறல் விசை. கற்றையை மிகச் செங்குத்தான கோணத்தில் குவித்தால், குவியத்தைச் சுற்றி எல்லாத் திசைகளிலும் சரிவு விசை சிதறல் விசையை மிஞ்சிவிடும். அப்போது கோளம் குவியத்துக்குச் சற்று அப்பால் ஓரிடத்தில் நிலைகொள்ளும். கோளத்தின் ஒளிவிலகல் எண் அதைச் சூழ்ந்த திரவத்தின் எண்ணைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்பது இதற்கான நிபந்தனை. நீரில் ஒரு காற்றுக்குமிழியை இப்படிப் பிடிக்க முயன்றால் அது ஒளியிலிருந்து விலகி ஓடும்.

பிகோநியூட்டன் அளவிலான விசை செல் ஆய்வுக்குப் போதுமா?

போதும். அதைவிட, அதுவே பொருத்தமான அளவு என்று சொல்லலாம். இரத்தப் பிளாஸ்மாவில் மிதக்கும் ஒரு சிவப்பணுவின் நிகர எடை 0.1 பிகோநியூட்டனுக்கும் குறைவு. செல்லுக்குள் பாதைபோல அமைந்த நுண்குழல் என்னும் புரத இழை வழியே சரக்கைச் சுமந்து செல்லும் கைனீசின் என்ற இயக்கிப் புரதம் 8 நானோமீட்டர் நீளமுள்ள எட்டுகளாக (காலடிகளாக) நடக்கிறது. 5 முதல் 7 பிகோநியூட்டன் எதிர்விசை கொடுத்தால் நின்றுவிடுகிறது. ஓர் எட்டுக்கு, செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்று செலவாகிறது. செல்லுக்குள் அது தரும் ஆற்றல் ஏறத்தாழ 80 முதல் 100 பிகோநியூட்டன்-நானோமீட்டர் என்பதால், நிற்கப்போகும் தறுவாயில் கைனீசின் அதில் சுமார் பாதியை வேலையாக மாற்றுகிறது என்று கணக்கிடலாம். அறை வெப்பநிலையில் வெப்ப ஆற்றலின் அளவு 4.1 பிகோநியூட்டன்-நானோமீட்டர். இந்த எண்களை அருகருகே வைத்துப் பார்த்தால், செல்லின் எந்திரங்கள் வெப்ப அலைக்கழிப்புக்குச் சற்றே மேலான தளத்தில் இயங்குகின்றன என்பது புலப்படும். ஒளி இடுக்கி வழக்கமாகக் கையாளும் 0.1 முதல் 100 பிகோநியூட்டன் வரையான எல்லை அந்தத் தளத்துக்கு நேராக அமைந்திருக்கிறது. பெரிய மணிகளையும் அதிகத் திறனையும் பயன்படுத்தினால் சில நூறு பிகோநியூட்டன் வரைகூடச் செல்லலாம்.

இந்த முறையை உருவாக்கியவர் யார்?

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஆர்தர் ஆஷ்கின். லேசர் ஒளியால் நுண்மணிகளைத் தள்ளவும், எதிரெதிரான இரு கற்றைகளுக்கு இடையே நிறுத்தவும் முடியும் என்பதை அவர் 1970இல் வெளியிட்டார். ஒரே கற்றையால் பிடிக்கும் இன்றைய வடிவத்தை ஜீட்ஸிக், பியோர்க்ஹோல்ம், ஸ்டீவன் சூ ஆகியோருடன் சேர்ந்து 1986இல் அறிவித்தார்.

உயிர் இயற்பியலுக்கு மிக முக்கியமான ஆண்டு 1987. புகையிலைத் தேமல் வைரசைப் பிடித்துக் கொண்டிருந்தபோது, நாள்பட்ட மாதிரியில் தாமாகவே வளர்ந்திருந்த பாக்டீரியாக்களும் ஒளிப்பொறியில் வந்து சிக்கின. பச்சை நிற ஆர்கான் லேசரின் திறனைக் கூட்டியதும் அவை இறந்துபோயின. ஆஷ்கினும் ஜீட்ஸிக்கும் 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசருக்கு மாறினார்கள். அதன்பின் ஈஸ்ட் செல்களும் பாக்டீரியாக்களும் பொறிக்குள் இருந்தபடியே பெருகின. இந்த மாற்றம் ஏதோ ஒரு தொழில்நுட்ப விவரம் போலப் பாடங்களில் கடந்து செல்லப்படுவது எனக்கு வருத்தம் தருகிறது. செல் இறந்துவிட்டது என்பதைக் கவனித்து, அதற்குக் காரணம் தம் ஒளிதான் என்று ஏற்று, அலைநீளத்தை மாற்றிய அந்தத் தருணத்தில்தான் இக்கருவி உயிரியலின் கருவியாயிற்று.

1990இல் ஆஷ்கினின் குழு ஓர் இராட்சத அமீபாவின் உள்ளே நகரும் உறுப்புகளைப் பிடித்து, ஓர் இயக்கி மூலக்கூறின் விசை ஏறத்தாழ 2.6 பிகோநியூட்டன் என்று மதிப்பிட்டது. கைனீசினின் 8 நானோமீட்டர் எட்டுகளை ஸ்டீவன் பிளாக்கின் குழு 1993இல் நேரடியாகக் கண்டது. 2018ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் பாதி ஆஷ்கினுக்கு வழங்கப்பட்டபோது அவருக்கு வயது 96.

கருவியில் என்னென்ன உறுப்புகள் உள்ளன?

நிலையான திறனுள்ள ஓர் அகச்சிவப்பு லேசர், கற்றையை விரித்து லென்சின் பின்துளையை நிரப்பும் லென்ஸ் இணை, எண்ணியல் துளை (ஒளியை எவ்வளவு அகன்ற கோணத்தில் குவிக்கிறது என்பதன் அளவு) 1.2 முதல் 1.4 வரையுள்ள பொருளருகு லென்ஸ், நானோமீட்டர் துல்லியத்தில் நகரும் மேடை, மணியின் இருப்பிடத்தை அறிய நான்கு பகுதிகள் கொண்ட ஒளி உணரி, செல்லைப் பார்க்க ஒரு கேமரா ஆகியவை அடிப்படை. லென்சைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. எண்ணெய் ஊடகம் கொண்ட லென்ஸ் கண்ணாடியை ஒட்டிய பகுதியில் சிறப்பாகப் பிடிக்கும். நீர்நிலைக்குள் பத்து இருபது மைக்ரோமீட்டர் ஆழம் சென்றதும் கோளப் பிறழ்ச்சியால் (கதிர்கள் ஒரே புள்ளியில் கூடாமல் போவதால்) குவியம் சிதைந்து பிடி தளரும். செல்லின் மேற்பரப்பில் வேலை செய்வதற்கு நீர் ஊடகம் கொண்ட லென்சே நல்லது. ஒரே நேரத்தில் பல இடங்களில் பிடிக்க வேண்டுமானால், ஒலி அலையால் கற்றையைத் திருப்பும் கருவியையோ, கற்றையைப் பல புள்ளிகளாகப் பிரிக்கும் ஹோலோகிராம் முறையையோ சேர்த்துக்கொள்வார்கள்.

இவ்வளவு செறிவான ஒளி செல்லைக் கொன்றுவிடாதா?

இந்தக் கேள்விக்கு அவசரமாக விடை சொல்லக் கூடாது. 100 மில்லிவாட் ஒளியை 1 சதுர மைக்ரோமீட்டர் பரப்பில் குவித்தால் அங்கே செறிவு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 கோடி வாட். நண்பகல் வெயிலைப்போல ஏறத்தாழ 10 கோடி மடங்கு. அதைத் தாங்கியும் செல் உயிரோடிருக்கக் காரணம், அது அந்த ஒளியில் மிகச் சிறு பங்கையே உட்கவர்கிறது என்பதுதான். கண்ணுக்குப் புலப்படும் ஒளியை ஹீமோகுளோபினும் பிற நிறமிகளும் உட்கவர்கின்றன. அகச்சிவப்பில் வெகுதூரம் சென்றால் நீரே உட்கவர்கிறது. இரண்டுக்கும் இடையே, சுமார் 800 முதல் 1100 நானோமீட்டர் வரை, ஒரு சன்னல் திறந்திருக்கிறது. பெரும்பாலான ஒளி இடுக்கிகள் அந்தச் சன்னலுக்குள்தான் இயங்குகின்றன.

முதலில் அஞ்ச வேண்டியது வெப்பம் என்று பலரும் நினைக்கிறார்கள். 1064 நானோமீட்டரில் 100 மில்லிவாட்டுக்கு ஏறத்தாழ 1 முதல் 1.5 டிகிரி செல்சியஸ் வரை வெப்பநிலை உயர்வதாக அளவீடுகள் காட்டுகின்றன. நொதிகளின் வேகத்தை மாற்ற அது போதும் என்பதால் புறக்கணிக்கக் கூடாது. ஆனால் செல்லைக் கொல்லும் அளவு அன்று. வெப்பத்தைவிட மறைவாகத் தாக்குவது ஒளிவேதியியல் சேதம். இ. கோலை பாக்டீரியா நீந்தப் பயன்படுத்தும் ஒரு கசையிழையைக் கண்ணாடியில் ஒட்டினால் அதன் உடல் சுழலும்; அந்தச் சுழற்சி மெல்ல மெல்லக் குறைவதைச் சேதத்தின் அளவுகோலாகக் கொண்டு 1999இல் வெளியான ஓர் ஆய்வு, 870, 930 நானோமீட்டரில் சேதம் மிகுதி என்றும் 830, 970 நானோமீட்டரில் மிகக் குறைவு என்றும் காட்டியது. கரைசலிலிருந்து ஆக்சிஜனை நீக்கியபோது சேதம் ஏறத்தாழ மறைந்தது. ஆகவே ஒளியின் தூண்டுதலால் உண்டாகும் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் வடிவங்களே முக்கியக் குற்றவாளிகள் என்று கொள்ளலாம். அப்படியானால் ஆக்சிஜனை நீக்கிவிடலாமே என்று தோன்றும். தனி மூலக்கூறு சோதனையில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆக்சிஜனைச் சார்ந்து வாழும் செல்லுக்கு அது பொருந்தாது. 970 நானோமீட்டரைத் தேர்ந்தால் ஒளிவேதியியல் சேதம் குறையும், ஆனால் நீரின் உட்கவர்ச்சி அங்கே 1064 நானோமீட்டரைவிட மிகுதி என்பதால் வெப்பம் கூடும். எதை விட்டுக்கொடுப்பது என்பதை ஒவ்வொரு சோதனைக்கும் தனியாக முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

செல் அசைகிறது என்பதை வைத்து அது நலமாக இருக்கிறது என்று முடிவு கட்டுவதை நான் ஏற்பதில்லை. ஒளி பட்ட செல் எவ்வளவு நேரத்தில் பிளவுறுகிறது, சவ்வில் கொப்புளங்கள் எழுகின்றனவா, அதே கண்ணாடித் தகட்டில் ஒளி படாத அண்டை செல் எப்படி இருக்கிறது என்பனவற்றை ஒப்பிட்டுப் பார்க்காத அளவீடு, நோயுற்ற செல்லின் இயல்பை நலமான செல்லின் இயல்பாகப் பதிவு செய்துவிடக்கூடும்.

செல்லையே நேரடியாகப் பிடிக்க வேண்டுமா, மணியைப் பயன்படுத்த வேண்டுமா?

கேள்வியைப் பொறுத்தது. பாக்டீரியா, ஈஸ்ட், விந்தணு போன்றவற்றை நேரடியாகப் பிடிக்கலாம். விலங்குச் செல்லின் ஒளிவிலகல் எண் சுமார் 1.36 முதல் 1.39 வரைதான், நீரின் எண் 1.33. வேறுபாடு சிறிது என்பதால் பிடியும் மென்மையானது. பாலிஸ்டைரீன் மணியின் எண் ஏறத்தாழ 1.58, சிலிக்காவின் எண் சுமார் 1.45. எனவே அதே ஒளித்திறனில் மணியின்மீது பல மடங்கு விசை கிடைக்கிறது. மணி ஒரே சீரான கோளமாக இருப்பதால் கணக்கும் நம்பத்தக்கது. அதன் மேற்பரப்பில் ஓர் எதிர்ப்பொருளைப் பூசி, சவ்வில் உள்ள குறிப்பிட்ட ஒரு புரதத்தோடு மட்டும் ஒட்டச் செய்யலாம் என்பதும், ஒளியின் குவியம் செல்லைவிட்டு விலகியே இருக்கும் என்பதும் கூடுதல் பயன்கள். செல்லின் உள்ளே இயற்கையாகவே இருக்கும் கொழுப்புத் துளிகளையும் மணிகளாகக் கொள்ளலாம். அவற்றின் ஒளிவிலகல் எண், செல்லை நிரப்பும் கூழான சைட்டோபிளாசத்தைவிட அதிகம்.

விசையை எப்படி அளக்கிறார்கள்?

ஒளிப்பொறி ஒரு சுருள்வில்லைப்போல நடந்துகொள்கிறது: மையத்திலிருந்து மணி எவ்வளவு விலகுகிறதோ அந்த அளவுக்கு மீட்கும் விசை கூடுகிறது. வில்லின் விறைப்பு தெரிந்தால், விலகலை அளந்து விசையைச் சொல்லிவிடலாம். விறைப்பைக் கண்டறிய இயற்கையே ஒரு வழி வைத்திருக்கிறது. நீர் மூலக்கூறுகள் மோதுவதால் மணி ஓயாமல் நடுங்குகிறது. பிரௌனியன் நடுக்கம் எனப்படும் அதில், விலகலின் வர்க்கச் சராசரி, வெப்ப ஆற்றலை விறைப்பால் வகுத்த அளவுக்குச் சமம். எடுத்துக்காட்டாக, ஒரு நானோமீட்டருக்கு 0.05 பிகோநியூட்டன் விறைப்புள்ள பொறியில் மணியின் நடுக்கம் சராசரியாக 9 நானோமீட்டர் இருக்கும். 1 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள மணியானால், அந்த நடுக்கத்தின் அதிர்வெண் நிறமாலை சுமார் 900 ஹெர்ட்ஸுக்கு மேல் சரியத் தொடங்கும். சரிவு தொடங்கும் அந்த அதிர்வெண்ணிலிருந்தும் விறைப்பைக் கணிக்கலாம். மேடையைத் தெரிந்த வேகத்தில் நகர்த்தி, நீரின் இழுவிசையால் மணி எவ்வளவு விலகுகிறது என்று பார்ப்பது மூன்றாவது வழி. மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தினால் அந்த எண்ணை நம்பலாம். ஒன்றை மட்டும் செய்துவிட்டுச் சோதனைக்குப் போவது ஆபத்தானது. மணி கண்ணாடிக்கு அருகில் இருந்தால் இழுவிசை கூடிவிடுகிறது, அதைக் கணக்கில் சேர்க்க மறந்தால் பின்வரும் எல்லா விசைகளும் பிழையாகும்.

செல்லின் உள்ளே விறைப்பைக் கண்டறியும் இதே அளவுத்திருத்தம் செல்லுபடியாகுமா?

அப்படியே செல்லுபடியாகாது. மேலே சொன்ன வழிகள், சூழ்ந்திருப்பது தெரிந்த பாகுநிலையுள்ள திரவம் என்றும், நடுக்கம் முழுவதும் வெப்பத்தால் மட்டுமே உண்டாகிறது என்றும் எடுத்துக்கொள்கின்றன. சைட்டோபிளாசத்தில் இரண்டும் பொய்த்துப் போகின்றன. அங்கே ஆக்டின் என்ற புரதத்தின் இழைகளும் நுண்குழல்களும் பின்னிக் கிடப்பதால் பாகுத்தன்மையோடு மீள்தன்மையும் சேர்ந்திருக்கிறது. மணி தள்ளப்பட்டால், இழைகளும் ஒரு வில்லாக அதைத் திருப்பித் தள்ளுகின்றன. எது ஒளியின் வில், எது செல்லின் வில் என்று பிரிக்க வேண்டியுள்ளது. மேலும், இயக்கிப் புரதங்கள் ஏடிபியைச் செலவழித்து எல்லாவற்றையும் உலுக்கிக்கொண்டே இருப்பதால், தாழ்ந்த அதிர்வெண்களில் காணும் நடுக்கம் வெப்ப நடுக்கத்தைவிடப் பெரிது. அதை வெப்பம் என்று தவறாகக் கொண்டால் பொறி உண்மையைவிட மென்மையாகத் தோன்றும், விசை குறைத்து மதிப்பிடப்படும்.

இதற்கு இரண்டு தீர்வுகள் பயன்பாட்டில் உள்ளன. ஒன்று, தன்னியல்பான நடுக்கத்தையும், மேடையையோ பொறியையோ தெரிந்த அளவில் அசைத்து அதற்கு மணி காட்டும் எதிர்வினையையும் ஒரே இடத்தில் பதிவு செய்து, இரண்டையும் இணைத்து விறைப்பையும் சூழலின் மீள்தன்மையையும் சேர்த்தே கண்டறிவது. பாகுநிலையை முன்கூட்டியே ஊகிக்க வேண்டியதில்லை என்பது இதன் பலம்; செல்லின் உலுக்கல் தலையிடாத உயர்ந்த அதிர்வெண்களில் செய்ய வேண்டும் என்பது இதன் கட்டுப்பாடு. மற்றொன்று, பொறியைக் கடந்து வரும் ஒளி முழுவதையும் சேகரித்து, அதன் உந்தம் எவ்வளவு மாறியது என்பதை நேராக அளப்பது. ஒளி இழந்த உந்தம்தான் மணி பெற்ற விசை என்பதால், மணியின் வடிவமோ சூழலோ தெரியத் தேவையில்லை.

செல்களைப் பற்றி இதனால் என்ன தெரியவந்தது?

சிவப்பணுவே நல்ல தொடக்கம். ஏறத்தாழ 8 மைக்ரோமீட்டர் அகலமுள்ள அது, தன்னைவிடக் குறுகிய இரத்த நுண்குழாய்களில் மடங்கி நுழைந்து மறுபுறம் பழைய வடிவுக்குத் திரும்புகிறது. அதன் இரு முனைகளிலும் மணிகளை ஒட்டி, ஒன்றை நிறுத்தி மற்றொன்றை ஒளியால் இழுத்துச் சவ்வின் மீள்தன்மையை அளந்தார்கள். பிளாஸ்மோடியம் பால்சிபாரம் என்ற மலேரியா ஒட்டுண்ணி உள்ளே வளர வளரச் செல் இறுகுவதும், முதிர்ந்த நிலையில் விறைப்பு சுமார் 10 மடங்கு வரை உயர்வதும் 2005இல் வெளியான அளவீடுகளில் தெரிந்தது. நோயுற்ற அணுக்கள் ஏன் நுண்குழாய்களை அடைக்கின்றன என்பதை விளக்குவதில் இதற்கும் பங்குண்டு.

செல் சவ்வில் ஒட்டிய மணியை மெல்லப் பின்னிழுத்தால், சவ்விலிருந்து மிக மெல்லிய குழல்போன்ற இழை ஒன்று நீண்டு வரும். அதைப் பிடித்துவைக்கத் தேவைப்படும் விசையிலிருந்து, சவ்வின் இழுவிறைப்பையும் அடியிலுள்ள செல் எலும்புக்கூட்டோடு (புரத இழைப் பின்னலோடு) அது எவ்வளவு இறுக்கமாக ஒட்டியிருக்கிறது என்பதையும் அறியலாம். நோயெதிர்ப்பில் பங்காற்றும் டி செல்லின் வெவ்வேறு பகுதிகளில், எதிர்ப்பொருள் பூசிய மணியை ஒளியால் கொண்டுபோய் வைத்த ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடித்தமானது. ஊர்ந்து செல்லும் செல்லின் முன்முனையில் மணி பட்டபோது உள்ளே கால்சியம் உயர்ந்தது. வால்முனையில் பட்டபோது அப்படி நேர்வது அரிதாக இருந்தது. ஒரே செல்லுக்கு முன்னும் பின்னும் வேறு வேறு உணர்திறன் இருக்கிறது என்பதை, தொடும் இடத்தையும் நேரத்தையும் ஆய்வாளரே தீர்மானிக்கும் கருவி இல்லாமல் இவ்வளவு தெளிவாகக் காட்டியிருக்க முடியாது.

குவிக்காத இரு கற்றைகளை எதிரெதிராகச் செலுத்தி, நடுவில் மிதக்கும் செல்லை இருபுறமும் நீட்டும் ஒளி நீட்டியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒளி பரவலாக விழுவதால் சேதம் குறைவு. செல்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டு அளக்கலாம். புற்றுச் செல்கள் பல, அவற்றுக்கு இணையான இயல்புச் செல்களைவிட எளிதில் நீள்வதை இது காட்டியது.

உயிருள்ள விலங்கின் உடலுக்குள் இதைச் செய்ய முடியுமா?

ஓரளவு முடியும். எலியின் காதில் உள்ள நுண்குழாய்களில் ஓடும் சிவப்பணுக்களைத் தோலின் வழியே ஒளியால் பிடித்து நிறுத்தியதை 2013இல் ஒரு குழு வெளியிட்டது. வரிக்குதிரை மீனின் இளங்குஞ்சு ஒளி ஊடுருவும் உடல் கொண்டது என்பதால், அதன் உட்செவியிலுள்ள சமநிலைக் கற்களை ஒளியால் தள்ளி, மீன் சாய்ந்ததாக உணர்வதையும் காட்டியுள்ளனர். திசு ஒளியைச் சிதறடிப்பதால் ஆழம் குறைவு; விசையின் துல்லியமும் கண்ணாடித் தகட்டில் கிடைப்பதைப்போல வராது.

ஒளிர்வு நுண்ணோக்கியோடும் ராமன் நிறமாலையோடும் இதைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். பிடித்து நிறுத்திய ஒரே செல்லிலிருந்து, மூலக்கூறுகளில் சிதறும்போது ஒளியின் அலைநீளம் எப்படி மாறுகிறது என்று காட்டும் ராமன் நிறமாலையைப் பதிவு செய்தால், சாயம் எதுவும் ஏற்றாமலே அதன் வேதியியல் கூறுகளை அறியலாம். ஒளிரும் சாயங்களோடு சேர்க்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை: பிடிக்கும் அகச்சிவப்பு ஒளி, தூண்டப்பட்ட சாய மூலக்கூறுகளை விரைவில் மங்கச் செய்கிறது. இரண்டு ஒளிகளையும் ஒரே நேரத்தில் செலுத்தாமல், வினாடிக்குப் பல்லாயிரம் முறை மாறி மாறிச் செலுத்தி இதைத் தவிர்க்கிறார்கள்.

அணுவிசை நுண்ணோக்கி, காந்த இடுக்கி ஆகியவற்றைவிட இது சிறந்ததா?

ஒவ்வொன்றுக்கும் ஒரு களம் உண்டு. அணுவிசை நுண்ணோக்கியின் நுனி நானோநியூட்டன் அளவிலான விசைகளையும் செல்லின் மேற்பரப்பை அழுத்துவதையும் நன்றாகக் கையாளும். மூடிய செல்லின் உள்ளே அது எட்டாது. காந்த இடுக்கி நூற்றுக்கணக்கான மணிகளை ஒரே நேரத்தில் இழுக்கும், முறுக்கும், ஒளிச்சேதமும் தராது; ஆனால் ஒரு மணியை நினைத்த புள்ளிக்குக் கொண்டுசெல்வது கடினம். சவ்வைக் கிழிக்காமல் உள்ளே நுழைந்து, தேர்ந்த ஓரிடத்தில் சில பிகோநியூட்டன் கொடுக்க வேண்டுமானால் ஒளி இடுக்கியே தகும்.

இதில் ஆய்வாளருக்கு ஆபத்து உண்டா?

உண்டு. 1064 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் விழிலென்ஸ் அதை விழித்திரையில் குவித்துவிடும். தெரியாத ஒளி என்பதால் இமைகள் தாமாக மூடிக்கொள்ளா. அந்த அலைநீளத்துக்கு உரிய பாதுகாப்புக் கண்ணாடியை அணியாமலும், கற்றை செல்லும் பாதையை மூடாமலும் லேசரை இயக்கக் கூடாது. நுண்ணோக்கியின் கண்ணருகு லென்ஸ் வழியே பார்ப்பதைத் தவிர்த்துக் கேமராவையே பயன்படுத்த வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர் முதலில் எதைச் செய்து பார்க்க வேண்டும்?

செல்லைத் தொடுவதற்கு முன் சில வாரங்கள் நீரில் மணிகளோடு செலவிடுங்கள். ஒரே மணியின் விறைப்பை மூன்று வழிகளில் அளந்து, விடைகள் நெருங்கி வரும்வரை பிழையைத் தேடுங்கள். பிறகு ஈஸ்ட் செல் ஒன்றைக் குறைந்த திறனில் பிடித்து, அது அரும்பு விட்டுப் பிளவுற எடுக்கும் நேரத்தை, ஒளி படாத செல்லின் நேரத்தோடு ஒப்பிடுங்கள். திறனைப் படிப்படியாகக் கூட்டி, எந்த அளவில் அந்த நேரம் நீளத் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கருவியில், உங்கள் அலைநீளத்தில், ஈஸ்ட் செல்லுக்கு அதுவே எல்லை. வேறு வகைச் செல்லுக்கு மாறும்போது அதை மீண்டும் முதலிலிருந்து கண்டறிய வேண்டும்.